மழையில் நின்ற நாற்பத்தொரு பேர்

டொலறஸ் துப்பாக்கிக் கிளப்புக்காக வீடு வீடாக ஏறி இறங்குகிறாள் என்ற செய்தி பரவிய கிழமை, கிங்ஸ்பரியில் நம்மவர்களுக்கு வாயில் வேறு கதையே இல்லை.

"துவக்குக்குப் பயந்துதானே ஊரை விட்டு ஓடி வந்தனாங்கள்? இஞ்ச வந்து துவக்குக்குக் கொடி பிடிக்கிறியளோ அக்கா?" என்று பக்கத்து வீட்டு வசந்தமலர் வேலிக்கு மேலால் கேட்டாள்.

"வந்து ஒருக்காச் சுட்டுப் பாரும் பிள்ளை. பிறகு கதையும்!"

டொலறஸ் அப்படித்தான். வெம்பிளியில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. ஞாயிறு பூசை தவறமாட்டாள். 1985இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தபோது, தெருவில் ஒரு கார்க் கதவு அடித்தாலே கட்டிலுக்குக் கீழே போய்விடுவாள். நான்கு வருடம் இப்படி. கூட வேலை செய்த ஒருத்தி, ஒரு பழைய கட்டடத்தின் நிலவறையில் இருந்த கிளப்புக்கு அவளைக் கூட்டிப்போனாள். முதல் வெடி கேட்டதுமே டொலறஸ் மேசைக்குக் கீழே! செயலாளர் மிஸ்டர் பிம் சிரிக்கவில்லை. காதுக் கவசத்தை நீட்டி, "அடுத்த வெடி உன்னுடையது" என்றார். அன்று அவள் பத்துத் தரம் சுட்டாள். கடதாசியில் ஒன்றும் படவில்லை. ஆனால் அன்று நித்திரை வந்ததே, அம்மாடி, விடியும்வரை அசையாத நித்திரை!

பிறகு, வடக்கே வேறொரு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளை ஒருவன் கைத்துப்பாக்கியால் சுட்டுக் கொன்றான். சமையலறையில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டபடியே டொலறஸ் அழுதாள். கிளப் பக்கம் ஒரு மாதம் போகவில்லை. தடை கேட்டவர்கள் மீது அவளுக்குக் கோபம் வரவே இல்லை. ஆனால் கைத்துப்பாக்கி எல்லாவற்றுக்கும் தடை என்றபோது, அவளுக்குள் ஒன்று முரண்டு பிடித்தது. பூட்டுக்குள் வைத்து, பொலிஸ் வந்து பார்த்து, எண்ணி எண்ணிச் சுடுகிற எங்களிடம் ஒரு வார்த்தையாவது கேட்கவேண்டாமா?

பெரிய கலிபர்களுக்குத் தடை வந்தாயிற்று. மிஞ்சியது இருபத்திரண்டு கலிபர் என்ற சின்னக் குண்டுக் கைத்துப்பாக்கி. அதற்கும் 1997 ஜூனில் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பு. தொகுதி எம்.பி. இன்னும் முடிவெடுக்கவில்லை. முப்பது பேராவது வந்தால், வாக்கெடுப்புக்கு முதல் வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குத் தேவாலய மண்டபத்தில் பதினைந்து நிமிடம் உங்கள் பக்கத்தைக் கேட்கிறேன் என்று கிளப்புக்கு எழுதியிருந்தார்.

"முப்பதா? போன கூட்டத்துக்கு நான்கு பேர். நான்கு தரம் சுற்றறிக்கை அனுப்பினேன். போதும் டொலறஸ், எனக்குக் களைத்துவிட்டது" என்றார் மிஸ்டர் பிம்.

டொலறஸுக்குப் பொறி தட்டியது. தபாலில் கூப்பிட்டால் எவன் வருவான்? நம்மவர்கள் கலியாணத்துக்கு வீட்டு வாசலுக்குப் போய்க் கூப்பிடாவிட்டால், சொந்தத் தம்பியே முகத்தைத் திருப்பிக்கொள்வானே!

மூன்று கிழமை. வேலை முடிந்ததும் பயத்தம் பணியாரப் பெட்டியோடு பஸ் ஏறினாள். மற்ற உறுப்பினர்கள் நாற்பத்திரண்டு பேரின் வீட்டுக்கும் போனாள். உட்கார்ந்தாள், தேநீர் குடித்தாள், நாயின் பெயரைக் கேட்டாள், எழுந்து நின்று இரண்டு கையாலும் அழைப்பு அட்டையைக் கொடுத்தாள். வெள்ளைக்காரர்கள் திகைத்துப்போனார்கள். இருபது வருடம் பக்கத்துப் பக்கத்தில் நின்று சுட்டவர்களின் வீட்டுக்குள் அதுவரை ஒருவரும் போனதில்லையாம்!

அந்த வெள்ளிக்கிழமை நல்ல மழை. இரண்டு தட்டுக் கட்லெட்டோடு டொலறஸும் புருஷன் கஸ்பரும் ஆறு நாற்பதுக்கு வந்து சேர்ந்தார்கள். மண்டபம் பூட்டிக் கிடந்தது; சாவி அவளிடம். வாசலிலிருந்து தெருமுனை மட்டும் குடை பிடித்த வரிசை!

"ஐயோ, இஞ்சேருங்கோ! எல்லாரும் வந்திட்டினம்!"

"அட்டையில எத்தனை மணியெண்டு போட்டனீர்?"

"ஆறு. எங்கட ஆக்களுக்கு ஏழு மணியெண்டால் ஆறெண்டுதானே அடிக்கிறது?"

"இவை எங்கட ஆக்களே, விசரி!"

நனைந்த கோபத்தில் பாதிப்பேர் திரும்பிப் போனால்? முப்பது பேர் தேறுமா? அவள் மன்னிப்புக் கேட்கத் தொடங்கவும், ஒரு கார் வந்து நின்றது. எம்.பி. இறங்கினார்.

"ஆறு மணிக்கும் இந்த வழியாகப் போனேன். அப்போதே நின்றார்கள். இந்த மழையில் இவ்வளவு நேரமா?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். கஸ்பர் அவள் முழங்கையில் இடித்தும் பார்த்தான். டொலறஸ் உண்மையைச் சொல்லிவிட்டாள். கலியாண அட்டை, ஒரு மணி நேரம், எல்லாம். வரிசையில் முதலில் மிஸ்டர் பிம்தான் சிரித்தார், பிறகு வரிசை முழுக்கச் சிரித்தது. ஒருவர்கூடப் போகவில்லை. எண்ணிப் பார்த்தாள்: நாற்பத்தொரு பேர்!

எம்.பி. பதினைந்து நிமிடம் அல்ல, ஒன்றேகால் மணி நேரம் இருந்தார். ஏன் இது வேண்டும் என்று கடைசியில் டொலறஸைக் கேட்டார்.

"எங்கள் ஊரில் அந்தச் சத்தம் எப்போது வரும் என்று தெரியாது. இங்கே, நான் விரலை அசைத்தால்தான் வரும்" என்றாள்.

எம்.பி. தடைக்கு எதிராக வாக்களித்தார். தடை வென்றது. அடுத்த வருடத் தொடக்கத்தில் டொலறஸ் தன் கைத்துப்பாக்கியைப் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைத்தாள். பஸ்ஸில் வரும்போது மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். யாரிடமும் மறைக்கவும் இல்லை.

மறுநாள் பின்னேரம் மிஸ்டர் பிம்மின் கதவு தட்டப்பட்டது. கிளப் முடிந்தது, சாவியைத் திருப்பிக் கொடுக்கப்போகிறேன் என்று சொன்ன மனுஷன் கதவைத் திறந்தார். வாசலில் டொலறஸ், பயத்தம் பணியாரப் பெட்டியோடு.

"றைபிளுக்குத் தடை இல்லையே? வெள்ளிக்கிழமை தொடங்குகிறோம்." இரண்டு கையாலும் அட்டையை நீட்டினாள். "மற்ற நாற்பத்தொரு வீட்டுக்கும் இனித்தான் போகவேண்டும்."

கிழவர் அட்டையை வாங்கி, கண்ணாடியைப் போட்டு வாசித்தார்.

"ஏழு மணி என்று இருக்கிறது. உண்மையான ஏழா?"

"உங்களுக்கு ஏழு" என்றாள் டொலறஸ். "என் அட்டையில்தான் ஆறு என்று போட்டிருக்கிறேன்."