சாணை பிடித்த சக்கரம்

யமுனா வீட்டில் எந்தப் பொருளும் லேசில் குப்பைக்குப் போகாது. பல் போன சீப்பு தையல் மெஷினின் பஞ்சை வழிக்கும். கிழிந்த பனியன் அடுப்படி துடைக்கும். தீர்ந்துபோன பெருங்காய டப்பாவுக்குள் மழுங்கிய பிளேடுகள் கிடக்கும். அப்படிப்பட்டவள் ஸ்ரீரங்கத்தில் அம்மாமண்டபம் ரோட்டுப் பக்கம் ஒரு மாடி வீட்டில் உட்கார்ந்து, பழைய புடவைகளை வெட்டி ஒட்டுப் போர்வை தைத்துக் கொடுப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

தைப்பது யமுனா. வெட்டுவது ஜெஸிமா. பாலக்கரையிலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வருவாள். கத்தரிக்கோல் அவளுக்குத் தேவையில்லை. கைப்பிடி முனையில் வட்ட பிளேடு சுழலும் ரோட்டரி கட்டர்தான். வெட்டும்போது அடியில் போடும், கட்டம் போட்ட பச்சை பிளாஸ்டிக் மேட்டை மேஜையில் விரிப்பாள், துணியை நாலாக மடித்துப் போடுவாள், ஸ்கேலை அழுத்திப் பிடித்து ஒரே ஓட்டு. நாலு மடிப்பும் வெண்ணெய் மாதிரி விலகும். வேலை முடிந்ததும் பிளேடைக் கழற்றிப் பஞ்சைத் துடைத்து, ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு, மூடியைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் பஸ்ஸுக்குக் கிளம்புவாள்.

"அக்கா, பிளேடு போச்சுங்க. புதுசு போட்டுடலாம்."

"இப்பத்தானே மாத்துனோம். தின்னுட்டியா?"

"குண்டூசி மேல ஏறிடுச்சுங்க. துணியில குண்டூசிய விட்டுட்டுக் குடுத்தது நான் இல்ல."

"அருவாமனைய என்ன மாசாமாசம் மாத்திக்கிட்டா இருக்கோம்? பார்ப்போம், பார்ப்போம்."

மறுநாளே தெருவில் சாணை பிடிக்கிறவர் குரல் கேட்டது. யமுனா அருவாமனையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பெருங்காய டப்பாவும் கூடவே இறங்கியது.

"இம்மாந்தூண்டு தகட்டையாம்மா சாணை பிடிக்கிறது?" என்று அவரே தயங்கினார்.

"தகடோ தட்டோ, கூரா வந்தா சரி. பிடிங்க."

பிளேடு பளபளவென்று வந்தது. அதைக் கட்டரில் மாட்டிவைத்தாள். அந்தச் சந்தோஷத்தில் மேட்டையும் ஒரு கை பார்த்தாள். மஞ்சள் கறை ஏறியிருந்தது. பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டுக் கொதிக்கிற வெந்நீரை ஊற்றித் தேய்த்து, மொட்டை மாடியில் வடகத்துக்குப் பக்கத்தில் காயப்போட்டாள். திருச்சி வெயில் சும்மா விடுமா. மேட்டு அப்பளம் மாதிரி சுருண்டு கிடந்தது. வெட்டு வேலை இல்லாத நாலு நாள் மெத்தைக்கு அடியில் வைத்து அமுக்கினாள். படிந்த மாதிரி தெரிந்தது. ஜெஸிமாவிடம் எதையும் சொல்லவில்லை. சொன்னால் அவள் ஏதாவது சொல்வாள், அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அந்த வாரம்தான் வைதேஹி மாமியின் வேலை வந்தது. சித்திரை வீதிக்காரர். காலமான தன் அம்மாவின் ஒன்பது கஜப் புடவையைக் கொண்டுவந்திருந்தார். அரக்குச் சிவப்பு. துவைத்துத் துவைத்துத் துணி பூவாகி இருந்தது.

"பேத்திக்குப் போர்வையாத் தெச்சுக் குடு யமுனா. எங்கம்மா மடி மாதிரி இருக்கட்டும் அவளுக்கு. இது ஒண்ணுதான் மிச்சம்."

ஜெஸிமா வெட்ட ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் அடுப்படிக்குக் குரல் வந்தது.

"அக்கா, விட்டு விட்டு வெட்டுதுங்க. மேட்டும் ஏதோ மாதிரி இருக்கு. கொஞ்சம் வந்து பாருங்க."

"அழுத்தி ஓட்டு. கையில தெம்பு இல்லையா? எனக்குக் குழம்பு கொதிக்குது."

அழுத்தி ஓட்டினாள். சாயங்காலம் வைதேஹி மாமி எட்டிப் பார்க்க வந்தபோது பாதிப் புடவை பட்டையாகிக் கிடந்தது. ஒன்றைக் கையில் எடுத்தார். அதன் ஓரம் நேராக இல்லை, நடுவில் வயிறு தள்ளியிருந்தது. அங்கங்கே வெட்டுப்படாமல் நின்ற நூலைப் பிரித்தபோது, பக்கத்துத் துணியும் கூடச் சேர்ந்து கிழிந்திருந்தது.

"என்னம்மா இது, எலி கடிச்சாப்ல இருக்கே. யாரு வெட்டினா?"

ஜெஸிமா வாயைத் திறப்பதற்குள் யமுனா முந்திக்கொண்டாள். "இவதான் மாமி. கை இங்க, கவனம் வீட்டுல. என்ன பண்றது சொல்லுங்க."

"அக்கா, நான் காலையிலயே சொன்னேன்ல, பிளேடு..."

"வாயில்லாத பிளேடு மேல பழியப் போடாத."

வைதேஹி மாமி பட்டையை மடித்து மேஜைமேல் வைத்துவிட்டுப் படி இறங்கினார். ஜெஸிமா கட்டரின் மூடியைத் தள்ளி மூடினாள். பையை எடுத்தாள். "வரேங்க" என்றாள். அக்கா என்ற சொல் அதில் இல்லை.

மறுநாள் அவள் வரவில்லை. இவ இல்லாட்டி வெட்ட முடியாதாக்கும் என்று யமுனா ஒரு பழைய போர்வையை மேட்டில் விரித்து ஓட்டிப் பார்த்தாள். பிரித்தபோது துணி வரவில்லை. ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு நூல் வெட்டுப்படாமல் நின்றது. அதே தூரத்தில் இன்னொன்று. அதே தூரத்தில் மறுபடியும். சக்கரம் ஒரு சுற்று சுற்றி வரும் தூரம் அது. பிளேடைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். சாணை தின்ற இடத்தில் வட்டம் தட்டையாகி இருந்தது. ஸ்கேலை மேட்டின் நடுவில் வைத்தால் ஊஞ்சல் ஆடியது.

காது வரைக்கும் சூடேறியது. வீட்டில் யாரும் இல்லை, இருந்தாலும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் துவாக்குடிப் பட்டறையிலிருந்து வந்த அவள் புருஷன் பாலு பிளேடை விரலில் சுழற்றிப் பார்த்தார். "எவன் செஞ்ச வேலை இது? எங்க பட்டறையா இருந்தா அவன வெளிய தள்ளியிருப்பாங்க."

"காபி ஆறுது, குடிங்க" என்றாள் யமுனா.

புது பிளேடும் புது மேட்டும் சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கக் கடையில் கிடைத்தன. மேட்டைச் சுருட்டக் கூடாது, மடக்கக் கூடாது. பஸ்ஸில் அதைக் குழந்தை மாதிரி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்னம்மா, அட்டை விக்கிறீங்களா?" என்று கண்டக்டர் கேட்டார். வேறு நாளாக இருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். இன்று மேட்டை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள்.

பாலக்கரையில் கதவைத் திறந்தது ஜெஸிமாவின் புருஷன் ரசூல். "வாங்கக்கா" என்றவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். ஜெஸிமா வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். உட்காரச் சொல்லவில்லை.

"பிளேடத் தெருவுல சாணை பிடிச்சேன்" என்றாள் யமுனா தரையைப் பார்த்து. "மேட்ட வெந்நீர்ல கழுவி மாடியில போட்டேன். உன் கை இல்ல. நான்தான்."

"எனக்கு அப்பவே தெரியுங்க. மேட்டுல வடக மாவு ஒட்டியிருந்துச்சு."

"தெரிஞ்சா அந்தம்மாகிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"உங்க வீட்டுல நின்னுக்கிட்டு உங்களயா சொல்லச் சொல்றீங்க?"

யமுனா மேட்டை நீட்டினாள். ஜெஸிமா வாங்கவில்லை. "என்கிட்டச் சொன்னது சரிங்க. மாமி முன்னாடிதானே என்னைச் சொன்னீங்க. அவங்க காதுக்கும் போகணும்."

யமுனா அங்கேயே போன் போட்டாள். ஒரு தடவை தப்பான நம்பருக்குப் போய், மறுபடி போட்டாள்.

"மாமி, அன்னைக்கு நான் சொன்னது பொய். புடவைய ஜெஸிமா கெடுக்கல. பிளேடயும் மேட்டையும் கெடுத்தது நான். அவ சொல்லச் சொல்ல வெட்டச் சொன்னதும் நான்."

மாமி கேட்டார்: "அந்தப் பொண்ணு இருக்காளோ? அவகிட்டக் குடு."

ஜெஸிமா போனோடு உள்ளே போய்விட்டாள். ரசூல் டீ கொண்டுவந்து வைத்தார். யமுனா குடிக்கவில்லை. மடியில் மேட்டு. அதன் கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபடி இருந்தாள். உள்ளே ஜெஸிமா "சரிங்க மாமி, சரிங்க மாமி" என்பது மட்டும் கேட்டது.

வெளியே வந்தவள் போனைக் கொடுத்தாள். "முந்தானைப் பக்கம் வெட்டாம இருக்குல்ல, அதுல சின்னப் போர்வையா வருமான்னு கேட்டாங்க. வரும்னேன்."

"என்னைப் பத்தி?"

"ஒண்ணும் கேட்கல."

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது யமுனாவுக்கு.

ஜெஸிமா மேட்டை வாங்கி, சுவரில் சாய்க்காமல் கட்டிலின் மேல் தட்டையாக வைத்தாள். "நாளைக்கு வரேங்க. அந்தப் பெருங்காய டப்பாவ மட்டும் என் கையில குடுத்துடுங்க."

"குடுத்துடுறேன்" என்றாள் யமுனா. ஆறிப்போயிருந்த டீயை எடுத்து, கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.