நாக்கு வழிக்காமல் வாங்க

சீன மருந்துக் கடை வேலை என்றால் வேர், பட்டை, காய்ந்த ஆரஞ்சுத் தோல் என்று நினைப்பீர்கள். உண்மையில் நாள் முழுக்க அடுத்தவர் நாக்கைப் பார்க்கிற வேலை, கவுண்டரில் நிற்கும் சக பாவிகளுக்குப் புரியும். எஸ்.பி.எம். பரீட்சை முடிந்ததும் படிப்பு போதும் என்று கிள்ளானில் ஒரு சின்சேயிடம், அதாவது சீன வைத்தியரிடம், சேர்ந்தேன். தமிழர்கள் சொல்லும் வயிற்றுக் கதையை அவருக்கு மலாய் மொழியில் சொல்ல வேண்டும். எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. மேரு தொழிற்பேட்டையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அப்பா ஆறு மாதமாக அரைத் தட்டுச் சோற்றோடு எழுந்துவிடுகிறார். கேட்டால் வெறும் வாயு என்பார். கிளினிக்குக்கும் போகமாட்டார். இங்கேயாவது இழுத்து வர வேண்டும்.

நல்ல வயிறுகள்

நாக்கில் படிந்திருக்கும் வெள்ளையைப் பார்த்துத்தான் சின்சே செரிமானத்தைக் கணிப்பார். ஒருநாள் மூன்று தமிழர்கள் வரிசையாக வயிற்று உப்புசம் என்று வந்தார்கள். மூன்று நாக்கும் பளபள. மனிதர் குழம்பிப் போனார். நாங்கள் தினமும் காலையில் நாக்கு வழிப்போம் என்று சொன்னேன். இந்த ரோட்டுக்குக் கடையை மாற்றி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது அவருக்கு. டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு மலாயில் புலம்பினார்.

"மூணு மாசமா இந்தியன் வயிறெல்லாம் ரொம்ப நல்ல வயிறுன்னு நெனச்சிட்டேன் லா."

சாமி கேட்டால்

அன்றிலிருந்து, போனில் புக் பண்ணுகிற தமிழர்களிடம் நாக்கு வழிக்காமல் வரச் சொல்வது என் வேலை. நீங்கள் சொல்லிப் பாருங்கள், தெரியும். நெஞ்செரிச்சல் என்று சுங்கை வே ஊரிலிருந்து கூப்பிட்ட ஆன்டி, என்னை வளர்த்த விதத்தையே சந்தேகப்பட்டார். ஆனாலும் மறுநாள் முகக்கவசத்தோடு வந்தார். நான் திரும்பி நின்றால்தான் வாயைத் திறப்பேன் என்றார். நின்றேன். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது சொன்னார்:

"இன்னிக்கு சாமி ரூம் பக்கமே போகல. சாமி கேட்டா உன் பேரத்தான் சொல்வேன்."

அப்பாவின் நாக்கு

ஆன்டி கதையை வீட்டில் சொன்னேன். அப்பா சிரித்தார், அவ்வளவுதான். ஆனால் அடுத்த ஞாயிறு காலை, குளியலறையில் அவருடைய நாக்கு வழிக்கும் கம்பி ஈரமில்லாமல் கிடந்தது. வெளியே மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணி, வாயை இறுக மூடிக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்.

கடையில் சின்சே கேட்க, அப்பா சொல்ல, நான் மலாயில் சொன்னேன். ராத்திரியில் வலி எழுப்பிவிடுகிறதாம். மலம் கறுப்பாகப் போகிறதாம். எங்களிடம் மறைத்ததையெல்லாம் என் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது. சின்சே நாக்கைப் பார்த்தார், மருந்து கட்டவில்லை. இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ என்றார்.

வயிற்றில் புண், ரத்தம் கசிந்திருந்தது. ஆஸ்பத்திரி மாத்திரையில் மெல்ல ஆறியது. நேற்று அப்பா தட்டைக் காலி பண்ணிவிட்டு என்னைப் பார்த்தார்.

"சோறு இன்னும் இருக்காம்மா?"

எங்கள் வீட்டில் இப்போதெல்லாம் அரிசி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது, அதற்கும் நான்தான் காரணமாம்.