கொடிக்கம்பம் வரை துடுப்பு போட்டவன்

நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். புத்தூரில் ரத்தப் பரிசோதனைக்கூடம் வைத்திருக்கிறவள் நான். யாருக்காவது சாமி வந்துவிட்டது என்றால் முதலில் சர்க்கரை அளவைப் பார்க்கச் சொல்வேன். அப்படிப்பட்ட எனக்குத்தான், அதுவும் பட்டப்பகலில், அத்தனை ஜனங்களுக்கு நடுவில் இது நடந்தது.

சங்கராந்தி லீவு. என் தம்பி குமார் நாயுடுபேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான். நைனாவும் அம்மாவும் போன பிறகு எனக்கென்று இருப்பது அவன் ஒருத்தன்தான். அவனோடு வேலை செய்யும் சீனய்யாவுக்குக் கடலோரத்தில் ஊர். அங்கே பண்டிகைக்குப் படகுப் போட்டி, பார்த்துவிட்டுச் சாயங்காலமே திரும்பிவிடலாம் என்று என்னையும் பைக்கில் அழைத்துப்போனான்.

சீனய்யா ஒரு படகுக்குச் சுக்கான் பிடிப்பவர். அவருடைய ஆள் ஒருவனுக்குக் காய்ச்சல் என்றதும், நம்புங்கள், நான் சவுக்கு மர நிழலில் உட்கார இடம் பார்ப்பதற்குள் குமார் துடுப்பை வாங்கிக்கொண்டு படகின் நடுவில் போய் உட்கார்ந்துவிட்டான். புடவை நனைய ஓடி அவன் கையைப் பிடித்து இழுத்தேன்.

“எறங்குடா! உனுக்கு நீச்சல் தெரியுமா?”

“அக்கா, மானம் போவுது. எல்லாரும் பாத்துகினு கீறாங்க.”

“போனா போவுது, எறங்கு.”

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கினான். சீனய்யா அப்போது முதுகைக் காட்டிக்கொண்டு பக்கத்துப் படகுக்காரரிடம் ஏதோ கத்திக்கொண்டிருந்தார். மேளம் அடித்தார்கள், படகுகள் பாய்ந்துவிட்டன.

மறுபடி ஓடிவிடுவானோ என்று அவன் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டு கரையில் நின்றேன். தூரத்தில், படகுகள் சுற்றித் திரும்ப வேண்டிய கொடிக்கம்பம் மிதந்துகொண்டிருந்தது. படகுகள் அதை நெருங்கும்போது அவன் மெதுவாகச் சொன்னான்.

“அக்கா, என் எடத்துல யாரோ கீறான் பாரு.”

“வேற யார்னா ஏறியிருப்பாங்க.”

“அந்தச் சட்டைய பாருக்கா.”

மஞ்சள் சட்டை. பண்டிகைக்கு நான் எடுத்துக்கொடுத்தது. அது என் பக்கத்தில் நின்ற குமாரின் உடம்பிலும் இருந்தது, அங்கேயும் இருந்தது. என் பிடிக்குள் அவன் நாடி படபடவென்று அடித்தது.

கொடியைச் சுற்றும்போது அந்தப் படகு ஒரு பக்கம் சாய்ந்தது. பிறகு நகரவே இல்லை. மற்ற படகுகள் தாண்டிப் போக, இவர்கள் மட்டும் ஒவ்வொருவராகக் கடலில் குதித்தார்கள். மூழ்கினார்கள், எழுந்தார்கள், மறுபடி மூழ்கினார்கள். கரையில் பெண்கள் அழ ஆரம்பித்துவிட்டார்கள்.

வெகுநேரம் கழித்துப் படகு திரும்பியது. சீனய்யா தள்ளாடி வந்து என் காலில் விழுந்தார்.

“தேவுடா! அக்கா, குமாரு போயிட்டான்க்கா. எவ்ளோ தேடியும் கெடைக்கல.”

“அண்ணா, நா இங்கதான் கீறேன்,” என்றான் குமார் என் பின்னாலிருந்து.

சீனய்யா தலையைத் தூக்கினார். அவன் காய்ந்த தலைமுடியைப் பார்த்தார், காய்ந்த சட்டையைப் பார்த்தார். சந்தோஷப்படுவார் என்றுதானே நினைப்பீர்கள்? மணலில் உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்தார். படகிலிருந்த மற்றவர்கள் கரையேறாமல் முழங்கால் தண்ணீரிலேயே நின்றுவிட்டார்கள். கொடி வரைக்கும் குமார்தான் துடுப்பு போட்டான் என்று அங்கிருந்தே சத்தியம் செய்தார்கள். ஊரில் வேறு யாராவது காணாமல் போனார்களா என்று விசாரித்தார்கள். ஒருவரும் இல்லை.

கண் கூசியிருக்கும், அதே நிறச் சட்டை வேறு யாராவது போட்டிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சில மாதம் கழித்து சீனய்யா புத்தூருக்கு வந்தபோது, அதுவரை யாரிடமும் சொல்லாததை என்னிடம் சொன்னார்.

“உழுந்ததும் தலைய தூக்கி என்னைப் பாத்தான்க்கா. கொஞ்சங்கூட பயமில்ல. ‘அக்காகிட்ட சொல்லுண்ணா, நா வந்துடறேன்’னு சொல்லிட்டுதான் முழுகினான்.”

குமார் சனிக்கிழமை தோறும் வீட்டுக்கு வருவான். கதவைத் தட்டி, “அக்கா, வந்துட்டேன்,” என்பான். அவன் குரல்தான், எனக்குத் தெரியாதா? ஆனாலும் தாழ்ப்பாளில் வைத்த என் கை, கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிடுகிறது.