நடுவில் வைத்த சந்தனம்

எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் ஆயுத பூஜை என்றால் ஒன்றும் தப்பாது. வோல்ட்மீட்டர், தராசு, ஏன், தீயணைப்பான்வரைக்கும் பொட்டு விழும். வைப்பவர் ஆய்வக உதவியாளர் அக்கா. தினமும் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி வருகிறவர். என் வயதுதான், இருந்தாலும் பத்து வருடமாக எனக்கு அவர் அக்கா, அவருக்கு நான் மேடம்.

விடுமுறை முடிந்த முதல் நாள், எலக்ட்ரான் சோதனை. கண்ணாடிக் குழாய்க்குள் எலக்ட்ரான்கள் மெல்லிய கிராஃபைட்டைத் தாண்டி எதிரே திரையில் விழும். அவை வெறும் துகள்கள் என்றால் ஒரு புள்ளியோடு சரி. புள்ளியைச் சுற்றி இரண்டு பச்சை வளையங்கள் வந்தால், எலக்ட்ரான் அலையாகவும் நடந்துகொள்கிறது என்று அர்த்தம். எங்கள் குழாய் கிழடு. வெளிவளையம் கண்ணுக்கே பிடிபடாது. மாணவர்கள் பார்த்ததாக எழுதுவார்கள், நானும் கையெழுத்துப் போடுவேன். இந்த வருடமாவது அந்தப் பொய் வேண்டாம் என்றிருந்தேன்.

விளக்கை அணைக்கப் போகும்போதுதான் பார்த்தேன். திரையின் நட்டநடுவில் காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமம்.

"கொஞ்சமாவது யோசிக்க வேணாமாக்கா?" என்று மாணவர்கள் முன்னாலேயே கத்திவிட்டேன். அக்கா ஈரத்துணியோடு ஓடி வந்தார். கரண்ட் ஓடும்போது ஈரத்துணியா என்று அதற்கும் ஒரு கத்து. அவர் பொட்டைத் துடைக்காமலே வெளியே போய், வழக்கம்போல் வாசலின் கறுப்புப் படுதாவை வெளிச்சம் நுழையாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

இருட்டு பழகியதும் ஒரு மாணவி, "மேடம், வெளிவளையம் தெரியுது," என்றாள். தெரிந்தது. இத்தனை நாளும் கண்ணைக் கூசவைத்த நடுப்புள்ளியைச் சந்தனம் மறைத்திருந்தது. இவ்வளவு படித்தும் எனக்கு இது தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

எல்லோரும் அளந்துவிட்டுப் போனபின் வெளியே வந்தேன்.

"தப்பு என்மேலதாங்க்கா. உங்க பொட்டாலதான் இன்னிக்கு ரெண்டு வளையமும் தெரிஞ்சுது. உள்ள போய்ப் பாருங்க."

"நான் இதைப் பாத்ததே இல்லீங்க மேடம்."

தினமும் அந்தக் குழாயைத் துடைத்து வைப்பவர் சொல்கிறார்.

"நான் உள்ள போயிட்டா படுதாவை யாருங்க புடிப்பாங்க?"

அவர் கையிலிருந்து வாங்கி நான் பிடித்துக்கொண்டேன். உள்ளே போன அக்கா வெகுநேரம் வெளியே வரவில்லை. எனக்குக் கை வலிக்கத் தொடங்கியது. அது வலிக்கும் என்று பத்து வருடத்தில் ஒருநாள்கூட நான் நினைத்துப் பார்த்ததில்லை.