பிள்ளைக் காம்பராவுக்குப் பாட்டு முறை வைத்த அங்கம்மா

சென்ற செவ்வாய்க்கிழமை, ஹட்டனில் நான் அச்சுக் கோர்க்கும் அச்சகத்துக்கு ஒரு பெண்பிள்ளை தன் சித்தப்பாவோடு வந்தாள். வயது பதினான்கு இருக்கும். நல்லதண்ணி பஸ்ஸில் வந்ததாகச் சித்தப்பா சொன்னார். மரண அறிவித்தல் அடிக்க வேண்டும் என்று ஒரு தாளை நீட்டினார். இந்த வேலையில் எத்தனையோ பேரின் கடைசிப் பெயரை நான் கோர்த்திருக்கிறேன். எந்தப் பெயருக்கும் என் கை நின்றதில்லை. அன்று நின்றது. தாளில் ‘அங்கம்மா, மேட்டு லயம்’ என்றிருந்தது. நான்கு நாள் காய்ச்சலாம். அதற்குப் பிறகு அச்சகத்தில் நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன்.

அங்கம்மாவின் கருமாதிக்குக் கூடுகிற உங்களில் பலருக்கு இது தெரிந்த கதைதான். தெரியாத இளசுகளுக்காகவும், தெரிந்தும் மறந்துவிட்டதுபோல் இருக்கும் என் வயது ஆண்களுக்காகவும் எழுதுகிறேன். நானும் அந்த ஆண்களில் ஒருவன் என்பதால் எனக்கு இந்த உரிமை உண்டு.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு நானும் அந்தத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான மேட்டு லயத்தில்தான் இருந்தேன். தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து வேலை. எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு அடுத்த காம்பரா அங்கம்மாவுடையது. என்னை அண்ணே என்றுதான் கூப்பிடும். ஒரு நாள் மாலை, கொழுந்து வேலை முடிந்து, பிள்ளைக் காம்பராவில் விட்டிருந்த தன் இரண்டு வயது மகளைத் தூக்கப் போனது. என் மகன் முருகேசைத் தூக்க நானும் போயிருந்தேன். அங்கம்மா கையை நீட்டியது. பிள்ளை வரவில்லை. காம்பரா ஆயாவின் சேலைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு வீரிட்டு அழுதது. ஆயா அதட்டித்தான் அனுப்பினாள்.

அங்கம்மா மகளைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தது. லயத்து வாசலில் நின்று சொன்னது: “இருட்டுல தூக்கிட்டுப் போய் விடுறேன், இருட்டப்போற நேரம் தூக்கிட்டு வர்றேன். வந்ததும் தூங்கிருது. என் புள்ளைக்கு என் கொரலே தெரியலண்ணே.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “எல்லாப் புள்ளையும் அப்பிடித்தான் வளருது” என்றேன். அதை நினைத்தால் இன்றும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

மறு ஞாயிற்றுக்கிழமை அங்கம்மா குழாயடியில் எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசியது. பிள்ளைக் காம்பராவில் நாற்பது பிள்ளைகள், ஆயா ஒருத்தி. தினமும் பெற்றவர்களில் ஒருவர் முறை வைத்துப் போய், பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு மணி நேரம் பாட வேண்டும், தட்ட வேண்டும், ஆட வேண்டும். “ஆம்பளைங்க ஒண்ணரை மணிக்கே வேலை விட்டு வந்து குந்தித்தானே இருக்கீங்க. நீங்க ஆளுக்கு ஒரு நாள் போங்க” என்றது. நாங்கள் சிரித்தோம். தலைப்பாகை கட்டிய ஆண்பிள்ளை கைக்குழந்தைக்கு முன்னால் தையத் தக்க என்று ஆடுவதா என்று கேட்டவன் நான்தான். என் மனைவி ராக்கம்மா மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்கு எனக்குச் சோறு தாமதமாகத்தான் வந்தது.

ஆண்கள் கைவிட்டதும் பெண்கள் வேறு வழி கண்டார்கள். முறை வந்தவள் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் பெயர் கொடுத்து, கூடையை மலையில் வைத்துவிட்டுப் பிள்ளைக் காம்பராவுக்கு இறங்கிவிடுவாள்; திரும்ப ஏற நேரம் போதாது என்பதால் அன்று முழுக்க அங்கேயே இருப்பாள். தேயிலை நிரையில் நிற்கும் மற்றப் பெண்களில் ஒவ்வொருத்தியும் தன் கொழுந்திலிருந்து ஒரு பிடி அவள் கூடையில் போடுவாள். ஒரு நாள் சம்பளப் பேருக்குக் குறையாமல் நிறுவை வந்துவிடும். மலையைப் பார்க்கிற கங்காணிக்கு இது தெரியும். ஆனால் அவருடைய பேரப்பிள்ளைகள் இரண்டும் அந்தக் காம்பராவில்தான் இருந்தன. அவர் அந்தக் கூடைப் பக்கம் திரும்புவதையே விட்டுவிட்டார்.

பாட்டுக்கு வாத்தியம் பால்மா டின்தான். உள்ளே நாலு தேயிலைக் கொட்டையைப் போட்டு வாயை அடித்து மூடினால் கிலுகிலுப்பை. கவிழ்த்தால் மேளம். தவழ்கிற பிள்ளைகூட டின் சத்தம் கேட்டால் வாசல் பக்கம் வந்துவிடுமாம். முதலில், பாட்டு வராது என்று ஒதுங்கிய தாய்மார்களிடம் அங்கம்மா சொல்லும்: “பாட்டு நல்லா இருக்கணும்னு இல்ல. நம்ம கொரலா இருந்தா போதும்.”

இரண்டு மாதம் இப்படி ஓடியது. பிறகுதான் அந்தக் கூத்து நடந்தது.

அன்று அங்கம்மாவின் முறை. அங்கம்மா என்றால் எல்லோருக்கும் உயிர். அதன் கூடை குறைந்துவிடக் கூடாது என்று ஒவ்வொருத்தியும் ஒரு பிடிக்கு இரண்டு பிடி போட்டிருக்கிறாள். அடுத்தவளும் அப்படித்தான் போடுகிறாள் என்பது யாருக்கும் தெரியவில்லை. சாயந்தரம் மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது, ஒரு நாளும் இல்லாத திருநாளாகத் தோட்டத்தை நடத்துகிற துரை வந்து நின்றார். சாக்குத் தூக்க நானும் போயிருந்தேன். இன்றைக்கு யார் கூடுதல் கொழுந்து என்று துரை கேட்டார். கணக்கப்பிள்ளை ஏட்டைப் பார்த்து யோசிக்காமல் வாசித்துவிட்டார். “அங்கம்மாங்க.”

நல்ல வேலைக்காரி, கூப்பிடு என்றார் துரை. தோட்டத்திலேயே அதிகம் எடுத்தவள் மலையில் ஒரு இலைகூடக் கிள்ளவில்லை. கங்காணி தன் கம்பளியைச் சரிசெய்ய ஆரம்பித்தார். ராக்கம்மாதான் முன்னால் போய் நின்றாள்.

“அங்கம்மா புள்ளக் காம்பராவுல இருக்குதுங்க தொரை. கூடை எங்க எல்லாரோடதுங்க.”

துரையின் முகம் சிவந்தது. மலையில் இல்லாதவளுக்குப் பெயர் இல்லை, கொழுந்து போட்ட அத்தனை பேருக்கும் இன்றைய சம்பளப் பெயரை வெட்டு, அந்தப் பாட்டும் இன்றோடு சரி என்று சத்தம் போட்டார். அதற்குள் யாரோ ஓடிப்போய்ச் சொல்லி அங்கம்மா வந்துவிட்டது. இடுப்பில் ஒரு பிள்ளை, சேலையைப் பிடித்தபடி ஐந்தாறு பிள்ளைகள், ஒன்றின் கையில் பால்மா டின். அங்கம்மா பணிவாகத்தான் பேசியது. ஆனால் குரல் தணியவில்லை.

“ஒரு எலை வெளித் தோட்டத்துலேருந்து வரலீங்க. எல்லாம் இந்த மலைக் கொழுந்துதாங்க. புள்ளைங்க அழுதா இவங்க வேலைய விட்டுட்டு எறங்கி ஓடுவாங்க. இப்ப ரெண்டு மாசமா யாரும் ஓடலீங்க. ஏட்டப் பாக்கச் சொல்லுங்க.”

துரை கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். அந்த மனிதர் அதுவரை யாருக்காகவும் வாயைத் திறந்தவர் அல்ல. விரலில் எச்சில் தொட்டு ஏட்டைப் பின்னால் புரட்டினார். முன்னால் புரட்டினார். பிறகு மெதுவாக, “இந்த மலை நிறுவை கூடித்தாங்க இருக்கு” என்றார். அந்த நேரம் பார்த்து டின் வைத்திருந்த பிள்ளை அதை ஒரு குலுக்குக் குலுக்கியது. துரை இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் விடியற்காலை பெரட்டுக் களத்தில் எல்லோரும் கூடினோம். கணக்கப்பிள்ளை வழக்கம்போல் வேலை பிரித்தார். கொழுந்துக்கு இத்தனை பேர், கவ்வாத்துக்கு இத்தனை பேர், புல்லு வெட்ட இத்தனை பேர் என்று சொல்லி முடித்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “இன்னைக்குப் பாட்டுக்கு யாரு?” என்று கேட்டார். நேற்றைய பெயரும் யாருக்கும் வெட்டப்படவில்லை. அந்தக் களத்தில் நான் எத்தனையோ ஏச்சுக் கேட்டிருக்கிறேன். பெண்கள் குலவை போட்டுக் கேட்டது அன்று ஒரு நாள்தான்.

அதன் பிறகு ஆண்களுக்கு ஏது வாய்? மத்தியான முறை எங்களுக்கு வந்தது. என் முதல் நாளில் நான் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வியர்த்து விறுவிறுத்து, வாய்க்கு வந்ததைப் பாடினேன்.

‘மேட்டு லயத்து ஆடு, மேயப் போச்சு பாரு,
கூடை நெறையக் கொழுந்து, தின்னது யாரு யாரு?’

நாற்பது பிள்ளைகளும் “மே” என்றன. என் முருகேசு என்னைக் கையால் காட்டி, எங்கப்பா எங்கப்பா என்று பக்கத்துப் பிள்ளைகளிடமெல்லாம் சொன்னான். மலையை நானே நட்டவன்போல நெஞ்சு நிமிர்ந்து வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்ற அங்கம்மா, “என்னண்ணே, தலப்பாவக் காணோம்?” என்று மட்டும் கேட்டது. பிள்ளைக் காம்பராவிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

மூன்று வருடம் முறை தவறாமல் பாடினேன். பிறகு முதுகு பிடித்துக்கொண்டது. கவ்வாத்துக் கத்தியை வைத்துவிட்டு ஹட்டனுக்கு வந்தேன். பாட்டு முறை இன்றும் அங்கே நடக்கிறது.

இனி அச்சகத்துக்கு வருகிறேன். தாளில் பிழை இருக்கிறதா என்று பார்க்க, வழக்கம்போல் அதை உரக்க வாசித்துக் காட்டினேன். இரண்டாவது வரி வாசிக்கும்போது, அதுவரை தலை குனிந்து நின்ற அந்தப் பெண்பிள்ளை சட்டென்று நிமிர்ந்தது. ஒன்பது வருடமாக அது என்னைக் கண்டதில்லை. என் தலையும் நரைத்துவிட்டது. முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டது:

“ஆட்டுப் பாட்டு மாமாங்களா?”

ஆயாவின் சேலைக்குள் அன்று முகத்தை மறைத்த அதே பிள்ளை, அங்கம்மாவின் மகள் செல்வி. ஆமாம்மா என்றேன். அது என் கையைப் பிடித்துக்கொண்டு, “அம்மா கொரல் எனக்கு இப்பயும் கேக்குது மாமா” என்றது.

அங்கம்மாவிடமிருந்து என்னிடம் ஒரு பால்மா டின் இருக்கிறது. துருப்பிடித்திருந்தாலும் கொட்டை இன்னும் கிலுகிலுக்கிறது. அதைவிடப் பெரியது ஒன்றும் இருக்கிறது. என் குரலைத் தெரிந்த நாற்பது பிள்ளைகள் இந்த மலைகளில் நடமாடுகிறார்கள். அங்கம்மா, நீ நினைத்தது நடந்துவிட்டதம்மா.