மொரிஸ் மைனருக்கு எல்.ஈ.டி. பூட்டிய வாரம்

1. பஸ் வந்து முட்டியது

பிலோமினா டீச்சரின் மொரிஸ் மைனர் என் கராஜுக்கு வந்தபோது அதன் பின் பம்பர் ஒரு பக்கமாக இளித்துக்கொண்டிருந்தது. கந்தப்பளை ரோட்டில், காலை மூடுபனிக்குள், பின்னால் வந்த பஸ் ஒன்று அதை முட்டியிருக்கிறது. பஸ் மெதுவாக வந்ததால் பம்பரோடு போயிற்று. டீச்சருக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் பஸ் கண்டக்டர் இறங்கி வந்து சொன்ன வார்த்தை அவர் மனசில் நன்றாகக் கீறியிருந்தது. முன்னால் ஒரு கார் போகிறதென்றே தெரியவில்லை, லைட் போட்டுக்கொண்டு ஓட்டக் கூடாதா மிஸ் என்று கேட்டிருக்கிறான். டீச்சர் லைட்டைப் போட்டுக்கொண்டுதான் ஓட்டியிருக்கிறார்.

நான் சுவிட்சைத் தட்டிவிட்டுப் பின்னால் போய்ப் பார்த்தேன். இரண்டு சிவப்புக் கண்ணாடிக்குள்ளும் ஊதுபத்தி நுனி அளவுக்கு வெளிச்சம் இருந்தது. கண்டக்டர் பொய் சொல்லவில்லை.

நுவரெலியாவில் நான் ஓட்டோ எலெக்ட்ரிக் வேலை பார்க்கத் தொடங்கி முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதுங்கள் என்று கேட்டார்கள். யோசித்துப் பார்த்ததில் இந்தக் காரின் ஞாபகம்தான் முதலில் வந்தது. சிரித்துக்கொண்டே செய்த வேலை, அதனால்கூட இருக்கலாம்.

டீச்சர் கந்தப்பளைக்கு மேலே ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறார். பள்ளிக்கூடம் விட்ட பிறகு தோட்டத்தின் மேல் டிவிஷனுக்குப் போய் அங்குள்ள ஓ.எல். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பும் எடுக்கிறார். வகுப்பு முடிகிற நேரத்தில் அங்கிருந்து இறங்க பஸ் கிடையாது. கார் இருப்பதால்தான் வகுப்பு நடக்கிறது. காரோ அவருடைய அப்பா தோட்டத்தில் கிளாக்கராக இருந்த காலத்தில் வாங்கியது. அப்பாவுக்குப் பிறகு அது அண்ணன் பெயருக்கு வந்துவிட்டது. அண்ணன் அந்தோனி கொழும்பில் இருக்கிறார். பஸ் முட்டிய செய்தி கேட்டதும் அன்று மாலையே வாங்குவதற்கு ஆள் பார்த்துவிட்டார்.

"பாஸண்ணே, ஞாயித்துக்கெழம அண்ணன் வர்றாரு. கார எடுத்துட்டுப் போயி வித்துடப் போறாராம். மிஸ்டுக்குள்ள இது தெரியுதுன்னு அவரு கண்ணால பாத்தாத்தான் உடுவாரு. நீங்கதான் ஏதாச்சும் பண்ணணும்" என்றார் டீச்சர்.

கைவேலை தெரிந்தவர்களை எங்கள் பக்கத்தில் பாஸ் என்று கூப்பிடுவார்கள். அதோடு அண்ணேயையும் சேர்த்துக் கூப்பிட்டு வேலை சொன்னால் மறுப்பது கஷ்டம். பம்பரை நிமிர்த்த பக்கத்து டிங்கர் கடைக்கு அனுப்பிவிட்டு, லைட் வேலையை நான் கையில் எடுத்தேன்.

2. பெட்டிக்குள் வந்த வெளிச்சம்

டீச்சர் வெறுங்கையோடு வரவில்லை. இன்டர்நெட்டில் ஆர்டர் பண்ணி ஒரு பெட்டி எல்.ஈ.டி. பல்ப் கொண்டு வந்திருந்தார். ஹெட்லைட், பார்க் லைட், பிரேக் லைட், சிக்னல் லைட், எல்லாவற்றுக்கும் ஒரே செட். எல்லாமே வெள்ளை. வீடியோவில் ஒருவர் சும்மா கழற்றி மாட்டினாராம், உடனே எரிந்ததாம். எனக்கு இந்த வீடியோக்காரர்களைக் கண்டாலே ஆகாது. அவர்கள் எரிகிற பல்பை மட்டும்தான் படம் எடுப்பார்கள்.

நான் ஒரு பல்பைக் கழற்றி எல்.ஈ.டி.யை மாட்டிக் காட்டினேன். எரியவில்லை. இன்னொன்றை மாட்டினேன். அதுவும் எரியவில்லை. டீச்சரின் முகம் சுண்டிப் போனது. ஏமாற்றிவிட்டார்களா என்று கேட்டார்.

யாரும் ஏமாற்றவில்லை. இந்தக் காலத்து வாகனங்களில் பேட்டரியின் மைனஸ் முனை பாடியோடு சேர்ந்திருக்கும். பழைய இங்கிலீஷ் கார்களில் பலவற்றில் பிளஸ் முனைதான் பாடியோடு சேரும். தொழிலில் இதைப் பொசிட்டிவ் எர்த் என்போம். சாதாரண பல்புக்கு கரண்ட் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஒன்றுதான், அது பாட்டுக்கு எரியும். எல்.ஈ.டி. அப்படியல்ல. திசை மாறி வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

ஆகவே முதலில் காரையே நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றினேன். பேட்டரி கேபிள்களை மாற்றிப் பூட்டினேன். எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் கொயிலின் வயர்களையும் இடம் மாற்றினேன். கடைசியில், பேட்டரியைச் சார்ஜ் பண்ணும் டைனமோவுக்குப் புதுத் திசையைக் காட்டிக் கொடுக்க வேண்டும். அதன் ஃபீல்ட் வயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் பிளஸிலிருந்து ஒரு வயரை அந்த முனையில் ஒரு கணம் தொட்டு எடுத்தால் சின்னதாக ஒரு பொறி பறக்கும். அவ்வளவுதான் வேலை. அவசரத்தில் இதை மறந்து எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினால், டைனமோவையும் பேட்டரியையும் சேர்த்துப் பிரிக்கிற கட்அவுட் பொசுங்கிவிடும். பிறகு வாடிக்கையாளரோடு சேர்ந்து நீங்களும் கார் தள்ள வேண்டியதுதான்.

இதெல்லாம் முடிந்து மாட்டியபோது பின்லைட் எரிந்தது. ஆனால் அது சிவப்பாக எரியவில்லை, ரோஸ் கலரில் எரிந்தது. டீச்சர் பார்த்துவிட்டு, கல்யாண வீட்டு சீரியல் பல்ப் மாதிரி இருக்கிறதே என்றார். சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை எல்.ஈ.டி. போட்டால் அப்படித்தான் வெளுத்துப் போகும். சிவப்புக் கண்ணாடிக்குச் சிவப்பு எல்.ஈ.டி., மஞ்சள் சிக்னலுக்கு மஞ்சள் எல்.ஈ.டி. என்றுதான் போட வேண்டும். என் கடையில் இருந்ததைப் போட்டேன். துருப்பிடித்த ரிஃப்ளெக்டரைச் சுரண்டி வெள்ளி பெயின்ட் அடித்தேன். ஒவ்வொரு லைட்டுக்கும் எர்த்துக்காகத் தனி வயர் இழுத்தேன். பழைய காரில் துருவை நம்பி கரண்ட் அனுப்பக் கூடாது.

சிக்னலும் ஒரு சேட்டை பண்ணியது. எரிந்தது, ஆனால் கண் சிமிட்டவில்லை. பழைய ஃபிளாஷர் பல்ப் இழுக்கிற கரண்டில் சூடேறித்தான் டிக் டிக் என்று விட்டுவிட்டு எரிய வைக்கும். எல்.ஈ.டி. இழுக்கிற கரண்ட் அதற்குப் பல்லுக்குக்கூடக் காணாது. எலெக்ட்ரோனிக் ஃபிளாஷர் ஒன்று போட்டதும் ஒழுங்காக வேலை செய்தது.

ஹெட்லைட்டுக்கு மட்டும் டீச்சர் கொண்டுவந்த வெள்ளையையே போட்டோம். கராஜ் சுவரில் அடித்துப் பார்த்தபோது பட்டப்பகல் மாதிரி இருந்தது. டீச்சர் கைதட்டினார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

3. காமாட்சி அக்கா பூசிய மஞ்சள்

எங்கள் கராஜில் ஒரு பழக்கம் உண்டு. பெரிய வேலை முடிந்து வாகனம் வெளியே போகும்போது கற்பூரம் காட்டி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, லைட்டுக்கெல்லாம் மஞ்சளும் குங்குமமும் வைப்போம். அதற்கென்று ஆள் தேட வேண்டாம். வாசலிலேயே பூக்கடை வைத்திருக்கும் காமாட்சி அக்கா தட்டோடு வந்துவிடுவார். டீச்சர் வேதக்காரர். வாங்கின காலத்தில் ஃபாதர் தண்ணீர் தெளித்த கார்தான், இதுவும் இருக்கட்டும் என்று சிரித்துக்கொண்டே நின்றார்.

அக்காவுக்குக் கை தாராளம். இவ்வளவு வெளிச்சமாக இருந்தால் கண்ணு படும் என்று சொல்லி, இடது ஹெட்லைட் கண்ணாடி முழுக்கக் குழைத்த மஞ்சளைப் பூசிவிட்டார். அந்த நேரம் பார்த்து மாலை வாங்க ஆள் வந்துவிட்டது. வலது லைட்டுக்கு அவசரமாக ஒரு பொட்டு மட்டும் வைத்துவிட்டு, மிச்ச மஞ்சளை இலையோடு என் கையில் திணித்துவிட்டுப் போனார். நான் அதைக் காருக்குள் டாஷ்போர்டில் வைத்துவிட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. பனி இறங்கியிருக்கும்போதே பார்த்துவிடுவோம் என்று விடியற்காலையில் கிளம்பினோம். டீச்சர் ஓட்டினார், நான் பக்கத்தில் இருந்தேன். டவுனைத் தாண்டும்வரை பிரமாதம். கந்தப்பளை ரோட்டில் ஏறி மூடுபனிக்குள் நுழைந்ததும் எங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளைச் சுவர் எழும்பி நின்றது. கொடியில் காயப்போட்ட வேட்டிக்குள் தலையை விட்டது போல இருந்தது. சுவரில் பார்த்து மகிழ்ந்த அத்தனை வெளிச்சமும் திரும்பி எங்கள் கண்ணுக்கே வந்தது.

டீச்சர் ஓரங்கட்டி நிறுத்தினார். மறுநாள் அண்ணன் வருகிறார். இந்த லைட்டைக் காட்டினால் காரோடு சேர்த்து என்னையும் விற்றுவிடுவார். மஞ்சள் பூசியதால்தான் ஒரு பக்கம் மங்கலாக இருக்கிறது, அதையாவது துடைப்போம் என்று துணியோடு இறங்கினேன்.

"தொடாதீங்க பாஸண்ணே" என்று உள்ளேயிருந்து டீச்சர் குரல் கொடுத்தார். "அந்தப் பக்கம் மட்டுந்தான் எனக்குக் கான் ஓரம் தெரியுது. வெள்ளையா அடிக்கிற பக்கம் ஒண்ணுமே தெரியல."

நான் நம்பவில்லை. வலது லைட்டை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். உண்மைதான். மஞ்சள் வழியாக வந்த வெளிச்சம் கண்ணைக் கூசவைக்காமல் தரையோடு போனது. ரோட்டோரத்தில் தண்ணீர் ஓடும் கானும் தேயிலைச் செடியின் ஓரமும் தெளிவாகத் தெரிந்தன. பிறகென்ன, இலையில் இருந்த மிச்ச மஞ்சளை எடுத்து வலது லைட்டுக்கும் நடுரோட்டில் வைத்தே பூசினேன். எல்.ஈ.டி. முன்பக்கக் கண்ணாடியைச் சூடாக்காது, அதனால்தான் மஞ்சள் நின்றது. பழைய பல்பாக இருந்திருந்தால் டவுன் தாண்டுவதற்குள் காய்ந்து உதிர்ந்திருக்கும். அப்போது எதிரில் மரக்கறி லொறி ஒன்று மஞ்சள் லைட்டோடு வந்தது. எங்களைப் பார்த்து வேகத்தைக் குறைத்து, டிரைவர் தலையை வெளியே நீட்டி, காருக்கு மஞ்சள் காமாலையா என்று கேட்டுவிட்டுப் போனான்.

அந்த லொறிகளைத் தினமும் பார்க்கிறேன். விடியுமுன்னே மூட்டைகளை ஏற்றிக்கொண்டு இதே பனிக்குள் ஓடுகிறவர்கள். மஞ்சள் லைட்டை அலங்காரத்துக்குப் போட்டிருக்கிறார்கள் என்றே நினைத்திருந்தேன். டவுனுக்குத் திரும்பியதும் அவர்கள் வாங்குகிற ஸ்பெயார்ஸ் கடைக்குப் போனேன். ஹெட்லைட்டுக்குப் பொருந்துகிற மஞ்சள் எல்.ஈ.டி. அங்கே ஷெல்ஃபிலேயே இருந்தது. வாங்கி வந்து இரண்டு பக்கமும் பூட்டினேன்.

4. அந்தோனி சார் ஓட்டிப் பார்த்தார்

ஞாயிற்றுக்கிழமை அந்தோனி சார் கொழும்பிலிருந்து தன்னுடைய புது வண்டியில் வந்தார். கோபக்காரர் இல்லை, ஆனால் முடிவெடுத்துவிட்டு வந்த முகம். கராஜ் வாசலில் லைட்டைப் போட்டுக் காட்டினேன். இந்த வெயிலில் எந்த லைட்டும்தான் தெரியும், பிரச்சினை வெயிலில் இல்லையே என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. டீச்சருக்கு அதற்கு மேல் பொறுமை இல்லை. பனி இறங்கட்டும், நான் முன்னால் போகிறேன், நீங்கள் பின்னால் வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

பின்னேரம் கிளம்பினோம். நான் அந்தோனி சாரின் வண்டியில் ஏறிக்கொண்டேன். போகும்போது அவர் மனசில் இருந்ததைச் சொன்னார். அப்பா கார் என்று அவருக்கும் ஆசை உண்டாம். ஆனால் ஒரே தங்கச்சி, பஸ் கொஞ்சம் வேகமாக வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இரவெல்லாம் தூக்கமில்லையாம். அதைக் கேட்டதும் அவர்மேல் எனக்கிருந்த எரிச்சல் போய்விட்டது.

கந்தப்பளை ரோட்டில் பனி எங்களுக்காகவே காத்திருந்தது. அந்தோனி சாரின் புது வண்டியில் வெள்ளை லைட். நேற்று நாங்கள் பார்த்த அதே சுவர் அவருக்கு முன்னாலும் எழும்பியது. அவர் ஸ்டியரிங்கை மார்போடு அணைத்துக்கொண்டு கண்ணை இடுக்கிப் பார்த்தார். ரோட்டில் தெரிந்தது மொரிஸ் மைனரின் இரண்டு சிவப்பு லைட் மட்டும்தான். அது இடது பக்கம் போனால் இவரும் இடது பக்கம் போனார். வளைவுக்கு முன்னால் டீச்சர் பிரேக் போட்டதும் அந்தச் சிவப்பு பளிச்சென்று கூடியது. உடனே இவரும் வேகத்தைக் குறைத்தார். கொஞ்ச நேரத்தில் அவர் ரோட்டைத் தேடுவதையே விட்டுவிட்டார்.

பிறகு ஒரு வளைவில் அந்தச் சிவப்பு மறைந்துவிட்டது. அந்தோனி சார் வண்டியை அப்படியே நிறுத்திவிட்டார். டீச்சருக்குப் போன் போடச் சொன்னார். நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"பிலோ, எங்க போயிட்ட? மெதுவாப் போ. ஒன் லைட்டு இல்லாம எனக்கு ரோட்டே தெரியல."

"நான் அப்பவே நிப்பாட்டிட்டேன் அண்ணே. வளைவு தாண்டி ஓரமா சிக்னல் போட்டு நிக்கிறேன். பயப்படாம வாங்க" என்றார் டீச்சர்.

மெதுவாக வளைவைத் தாண்டினோம். தூரத்திலேயே மஞ்சள் சிக்னல் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. அந்தோனி சார் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தான் சொன்னதை நினைத்துத் தானே விழுந்து விழுந்து சிரித்தார். கார் வாங்குவதாக இருந்த ஆளுக்கு டீச்சரின் வீட்டு வாசலில் நின்றே போன் பண்ணி, கார் விற்பதற்கில்லை என்று சொல்லிவிட்டார். திங்கட்கிழமை மேல் டிவிஷனில் மாலை வகுப்பு நடந்தது. அதே நாளில் அந்தோனி சாரின் வண்டிக்கு நான் மஞ்சள் லைட் பூட்டிக்கொண்டிருந்தேன்.

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். லைட்டைச் சுவரில் அடித்துப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள், அது ஓடப் போகிற ரோட்டுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். வேலையைப் பின்லைட்டிலிருந்து தொடங்குங்கள். வருகிறவர்கள் எல்லோரும் காருக்கு முன்னால் நின்று, தங்களுக்கு எவ்வளவு தூரம் தெரிய வேண்டும் என்றுதான் பேசுவார்கள். பின்னால் வருகிறவனுக்காகப் பேச அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். அவனுக்காகப் பேச வேண்டியது நீங்கள்தான்.