ஹோல் சுவரும் இரண்டு வாளி மணலும்

எங்கள் வெள்ளவத்தை வீட்டு ஹோலில் ஒரு வோல்பேப்பர் இருந்தது. ஊதா நிற ரோசாப்பூ, நடுவே தங்கக் கொடி. எங்களுக்கு முதல் குடியிருந்தவர்கள் ஒட்டிவிட்டுப் போனது. கடற்காற்றில் ஓரமெல்லாம் சுருண்டு, நடுப்பகுதி வயிறு வைத்திருந்தது. வருடக்கணக்காக அது எவருடைய கண்ணையும் உறுத்தவில்லை. சித்தியைப் பெண் பார்க்க லண்டன் மாப்பிள்ளை வருகிறார் என்று முடிவான அன்றுதான் அம்மாவுக்கு அதைப் பார்க்கச் சகிக்காமல் போயிற்று.

"இந்தச் சுவரைப் பார்த்தா அவை எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்? பெயின்ற் அடிக்காமல் ஒருத்தரும் இந்த வாசலுக்குள்ள கால் வைக்கப்படாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கு மூன்றே வாரம் லீவு. இரண்டாம் ஞாயிறு எங்கள் வீட்டுக்கு வருவார்கள். பிடித்துவிட்டால் மூன்றாம் வாரமே பதிவுகாரரைக் கூப்பிட்டுக் கலியாண எழுத்து. ஆகச் சுவருக்குக் கிடைத்தது பத்து நாள்.

சித்தி அம்மாவின் தங்கை. எங்களோடு இருந்துகொண்டு, பக்கத்து ரியூசன் வகுப்பில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தார். "எனக்கு இப்ப வேண்டாம் அக்கா" என்று அவர் இரண்டு தரம் சொன்னதை நானே கேட்டேன். "எல்லாரும் முதல்ல அப்பிடித்தான் சொல்லுறது" என்று அம்மா தேங்காய் துருவியபடியே பதில் சொன்னார். மூன்றாம் தரம் சித்தி வாயைத் திறக்கவில்லை. அம்மா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

அப்பா வங்கியில் வேலை. ஆணி அடித்தால் விரலில்தான் அடிப்பார். ஆனாலும், "இதுக்கெல்லாம் மேசன் பாஸ் எதுக்கு? நாங்களே செய்வம்" என்று இடுப்புச் சாரத்தை மடித்துக் கட்டினார். சனிக்கிழமை காலை கேத்திலில் தண்ணீர் கொதித்தது. பழந்துணியை நனைத்துச் சுவரில் ஒற்றி, சற்றுப் பொறுத்து, தகட்டால் சுரண்ட வேண்டும். என் வேலை, நுனி கிளம்பிய கடதாசியைப் பிடித்து இழுப்பது. அடடா, அந்தச் சந்தோசத்தை என்னவென்று சொல்ல! ஒரே இழுவையில் ஒரு முழு ரோசாச்செடி கையோடு வரும். பழைய பசையின் புளித்த மணமும் அப்பாவின் வியர்வையும் அம்மாவின் பிளேன்ரீயும் சேர்ந்த அந்தக் காலைக்காக இன்றைக்கும் ஏங்குகிறேன்.

பதினொரு மணியளவில் கடதாசியோடு சுவரும் வந்தது. பொத்தென்று ஒரு சத்தம்; சுளகளவு பூச்சு கழன்று நிலத்தில் விழுந்தது. அப்பா மற்ற இடங்களில் தட்டிப் பார்த்தார். தட்டிய இடமெல்லாம் உள்ளே வெறுமை. கொத்தி முடிய, பாதிச் சுவர் செங்கல்லாக நின்றது. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஞாயிறு அப்பா சீமெந்து குழைத்துப் பூசத் தொடங்கினார். அரைவாசியில் மணல் முடிந்துவிட்டது. ஞாயிறென்றபடியால் ஹார்ட்வெயார் கடையும் பூட்டு. அப்பா சாப்பிட்டுவிட்டுச் சற்றுக் கண்ணயர்ந்தபோதுதான் சித்தி என்னைக் கூப்பிட்டார்.

"கடற்கரை முழுக்க மணல்தானே கிடக்குது. வாளியை எடு, குஞ்சு."

ரயில் பாதையைக் கடக்கும்போது என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கரையில் ஒரு பாறையில் இருந்துகொண்டு, "அங்க, அலை அடிக்கிற இடத்தில அள்ளு" என்று காட்டினார். அள்ளினேன். அவர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வாளியையும் படியேற்றியது அவர்தான், ஆனால் அப்பா எழும்பி வந்து, "ஆற்ற யோசனை இது?" என்று கேட்டதும் முந்திக்கொண்டு "என்ர" என்றது நான். "என்ர பிள்ளைக்கு மூளை!" என்று அப்பா என் தலையைத் தடவினார். சித்தி வெறும் வாளிகளைக் கழுவ எடுத்துக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை வெளிர் பச்சைப் பெயின்ற் அடித்தாயிற்று. அம்மாவின் முகத்தில் ஒரு வாரத்துக்குப் பிறகு சிரிப்பு. சனிக்கிழமை காலை பார்த்தால், சுவரின் கீழ்ப்பாதி வேர்த்துப்போய் நிற்கிறது. பெயின்ற் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி, வெள்ளைத் தூள் பூத்திருக்கிறது. மறுநாள் மாப்பிள்ளை வீட்டார்! அப்பா ஓடிப்போய் ஜிந்துப்பிட்டியிலிருந்து ஒரு மேசன் பாஸை ஓட்டோவில் ஏற்றி வந்தார்.

பாஸ் அதிகம் பேசவில்லை. பூச்சில் ஒரு துண்டை நகத்தால் பெயர்த்து, நாக்கு நுனியில் வைத்துப் பார்த்து, யன்னலுக்கு வெளியே துப்பினார்.

"உப்புங்க. இது கடல் மண்ணு. இது எந்தக் காலத்திலயும் காயாது சார். பூராவும் கொத்திப்போட்டு மறுபடி பூசணும். ஒரு மாசமாவது ஆகும்."

அம்மா என் பக்கம் திரும்பினார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"நான்தான் அள்ளினனான் அம்மா. ஆனா யோசனை என்ர இல்லை. அலை அடிக்கிற இடத்தில அள்ளச் சொல்லிச் சித்திதான் காட்டினவ."

அம்மா என்னை விட்டுவிட்டுச் சித்தியைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"நீ விஞ்ஞானம் படிப்பிக்கிறனி" என்றார்.

"ஓம் அக்கா" என்றார் சித்தி. கண் நிறைந்திருந்தது.

அப்பாவுக்கு இதொன்றும் காதில் ஏறவில்லை. அவர் பாவம், வழி தேடிக்கொண்டிருந்தார். "அப்ப கோயில்ல வைச்சுப் பொம்பிளையைக் காட்டுவமே. கனபேர் அப்பிடித்தானே செய்யினம்?" நல்ல யோசனைதான். சுவரே தேவையில்லை.

"வேண்டாம்" என்றார் அம்மா. "முதல்ல சுவர் காயட்டும்."

கலியாணத் தரகருக்கு அம்மாவே தொலைபேசி எடுத்தார். வீடு இடிந்து கிடக்கிறது, ஒரு மாதத்துக்கு ஒன்றும் செய்ய ஏலாது என்றார். மாப்பிள்ளை லீவு முடிந்து லண்டனுக்கு விமானம் ஏறினார். அவர்களுக்கென்று செய்த ரோல்ஸை நாங்களே இரண்டு நாளாகச் சாப்பிட்டோம். சித்தி ஐந்து சாப்பிட்டதை எண்ணினேன்.

என்னை ஒருவரும் அடிக்கவில்லை. ஒளிக்காமல் உண்மையைச் சொன்னபடியால்தான் தப்பினேன் என்று முடிவு கட்டினேன். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தானே சொல்லித் தந்தார்கள். அடுத்த மாதம் அப்பாவின் மூக்குக்கண்ணாடியை மிதித்து உடைத்தபோது நேரே அம்மாவிடம் போய், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, முழு உண்மையையும் சொன்னேன். விளக்குமாற்று ஈர்க்கால் நாலு விழுந்தது. காலைத் தடவிக்கொண்டு வெகுநேரம் யோசித்தேன். ஒரு கண்ணாடிக்கு நாலு அடி என்றால், ஒரு கலியாணத்துக்கு ஏன் ஒன்றுகூட விழவில்லை என்று எனக்கு விளங்கவேயில்லை.